கொளஞ்சியப்பன் எடுக்காத இரைச்சல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கொளஞ்சியப்பன் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பியானோக்காரர் என்று கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அப்படிக் கொண்டுவந்து விடுகிறவர்களிலும் முக்கால்வாசிப் பேர் அவர் பியானோ வாசிக்கிறவர் என்றே நினைத்திருந்தார்கள். கல்யாண ரிசப்ஷனுக்கு வருவீர்களா என்று தாம்பூலத்தோடு வந்து நின்றவர்கள் உண்டு. மனுஷனுக்கு ஒரு பாட்டு முழுதாக வாசிக்க வராது. சுருதி சேர்க்கத்தான் வரும். "வண்டிக்கு மை போடறவனைக் கூப்பிட்டு ரேக்ளா ரேஸ் ஓட்டச் சொன்னா எப்படிங்க?" என்று கேட்டு அனுப்பிவைப்பார்.

பிறந்தது குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே ஒரு முந்திரிக்காட்டு ஊர். இளவட்டத்தில் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் போய், பழைய மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கடைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்களின் பியானோக்கள் வரும். மேலே பாலிஷ் போட்டவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தார், அறுத்தார், மறுபடி கட்டினார், அப்படியே பிடித்துக்கொண்டது. பிறகு கடலூருக்கு வந்து செல்லாயியைக் கட்டிக்கொண்டு, மாதா கோயில் பியானோ, கான்வென்ட் பியானோ, நாலைந்து பழைய வீட்டுப் பியானோ என்று காலத்தை ஓட்டினார். கடலோர ஊர் அல்லவா, உப்புக்காற்று கம்பியைச் சும்மா விடாது. அந்தக் காற்று இருக்கிற வரைக்கும் தனக்குச் சோறு உண்டு என்பார்.

வேலையை விட வம்புதான் அதிகம். ஒருமுறை மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டில், கீழ்ச் சுருதிக் கம்பி ஒன்று நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரே கட்டையைக் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். டொங்... டொங்... டொங்... அந்த வீட்டுக் கிழவர் பல நாளாகப் படுக்கையில் கிடந்தவர். தெருவில் இருந்தவர்கள் காதில் அது சாவு வீட்டுச் சேகண்டியாகவே விழுந்திருக்கிறது. முதலில் நாலு பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். பின்னாலேயே பங்காளி ஒருத்தர் ரோஜா மாலையோடு வந்துவிட்டார். சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்த கிழவர் மாலையைப் பார்த்து, "யாருக்குடா இது?" என்று கேட்டார். வந்தவர் கொஞ்சமும் யோசிக்காமல் கொளஞ்சியப்பன் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் செல்லாயி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள்.

ஆனால் சிதம்பரத்துக் கதையை அந்த வீட்டில் யாரும் சிரித்துச் சொன்னது கிடையாது.

சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ராமாமிர்தம் வீடு. மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், நெஞ்சு வலிக்காரர். அந்த வீட்டுக்குக் கொளஞ்சியப்பன் முதலில் போனது சுனாமிக்கு அடுத்த வருஷம், கார்த்திகை மாதத்தில். கூடத்தில் சுவரோடு ஒட்டிய பியானோ. மேலே இஸ்திரி போட்ட துணி. வாசிக்கிற புத்தகம் ஒரு பக்கத்தில் விரித்தபடியே இருந்தது.

"கதிரவனுக்கு இந்த மாசந்தான் பொறந்த நாளு," என்றார் ராமாமிர்தம். "வந்து உக்காந்தான்னா சுருதி சரியா இருக்கணுங்க. கொஞ்சம் பெசகினாலும் எழுந்து போயிடுவான். அவனுக்குக் காது அப்படி."

பையன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பான் என்று நினைத்துக்கொண்டு, "தம்பி எந்த ஊர்ல இருக்காருங்க?" என்று கேட்டுவைத்தார் கொளஞ்சியப்பன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"பரங்கிப்பேட்டையில படிச்சான். கடல் நண்டு பத்தி ஆராய்ச்சி. அன்னிக்கு ஞாயித்துக்கிழம, காலையில கடக்கரைக்குப் போனான். இன்னும் வரல."

பஸ் தாமதமாகிவிட்டது என்பதைப் போலச் சொன்னார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி அமராவதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொளஞ்சியப்பன் குனிந்து வேலையைப் பார்த்தார்.

அந்தப் பியானோவில் எல்லாம் சேர்ந்தது, ஒன்றைத் தவிர. இடது கைப் பக்கம் கீழ்க் கட்டை ஒன்றை அமுக்கினால் நாதத்துக்குப் பின்னால் ஒரு இரைச்சல் வந்தது. பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல ஙொய் என்று ஒரு சத்தம். மழைக்காலத்து ஈரம் என்றார் முதல் வருஷம். அடுத்த வருஷம் எலியைச் சொன்னார். அதற்கடுத்த வருஷம் பலகையில் விரிசல் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். தனக்கே அது தெரிந்திருந்ததால் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

நாலாவது கார்த்திகையில் இதை விடுவதில்லை என்று வந்தார். அமராவதி வீட்டில் இல்லை, தங்கை மகள் வளைகாப்புக்குப் போயிருந்தாள். கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டு, தரையில் மல்லாக்கப் படுத்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். பின்பக்க மரச்சட்டத்தின் மறைவில் துணி ஒன்று தட்டுப்பட்டது. நூலை அறுத்து வெளியே எடுத்தார். மஞ்சள் முடிச்சு. சட்டைத் துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்திருக்கிறார்கள். மஞ்சளுக்கு அடியில் நீலக் கட்டம் மங்கலாகத் தெரிந்தது.

நம் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. வீட்டில் ஒருத்தருக்கு ஆபத்து என்றால் மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமியை வேண்டிக்கொள்வார்கள். காரியம் நடந்த பிறகு அதை அப்படியே கொண்டுபோய் உண்டியலில் சேர்ப்பார்கள். நடுவில் யாரும் அதை அவிழ்ப்பதில்லை. திருடன்கூட அடுத்தவர் முடிச்சில் கை வைக்க யோசிப்பான்.

ராமாமிர்தம் அதைக் கையில் வாங்கவில்லை. தள்ளி நின்றே பார்த்தார்.

"இது அவ வேலைதான். கதிரவன் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ மஞ்சக்காமாலையில கெடந்தான். அப்ப முடிஞ்சி அவன் பொட்டியிலயே கட்டியிருப்பா. புள்ள பொழச்சிட்டான், காசைக் கட்ட மறந்துட்டா." சொல்லிக்கொண்டே வந்தவருக்கு முகம் மாறியது. "அதாங்க. அதனாலதாங்க அவன் வராம இருக்கான். சாமிக்குக் கடன் வெச்சா சும்மா விடுமா?"

"அப்ப கட்டிட வேண்டியதுதானேங்க."

"நான் எங்கங்க போறது? வெளிய போன நேரம் பாத்து அவன் வந்து கதவத் தட்டிட்டான்னா?"

அதைக் கேட்டதும் கொளஞ்சியப்பனுக்கு மனசு தாளவில்லை. "நான் ஊருக்குத்தாங்க போறேன். எங்க மாரியம்மன் உண்டியல்ல சேத்துடறேன். எந்த ஊர்ல இருந்தாலும் ஆத்தா ஒருத்திதானேங்க" என்றார். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஊரில் பாதி அனர்த்தம் நல்ல மனசால்தான் நடக்கிறது. அன்றைக்கே குறிஞ்சிப்பாடி பஸ் பிடித்துப் போய், குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு அதை உண்டியலில் போட்டுக் கும்பிட்டார். அந்தக் கீழ்க் கட்டை அன்று மணி மாதிரி பேசியதையும் ராமாமிர்தம் அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்து அழுததையும் செல்லாயியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அந்த வாரமே அமராவதி கடலூருக்கு வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். செல்லாயி கொடுத்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்த முடிச்சு எங்கங்க?"

கொளஞ்சியப்பன் பெருமையாகச் சொன்னார். எந்த ஊர், எந்தக் கோயில், குளித்துவிட்டுப் போட்டது வரைக்கும் சொன்னார். அமராவதி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்லாயி பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல காசு இல்லீங்க," என்றாள் அமராவதி. "எம் புள்ள மோதிரம்."

சுனாமி வந்து ஒரு மாசம் இருக்கும். ராமாமிர்தம் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாற்றுத் துணி எடுக்க அவள் வீட்டுக்கு வந்த நேரத்தில் மீன்காரர் ஒருத்தர் வாசலில் நின்றிருந்தார். கரையில் ஒதுங்கியவர்களை அவர்களே சேர்த்து அடக்கம் செய்தார்களாம். ஒரு பையன் விரலில் மட்டும் எழுத்து மோதிரம் இருந்ததால் கழற்றி வைத்து, விசாரித்து விசாரித்துக் காலேஜில் கேட்டு வந்திருக்கிறார். கல்லூரியில் இடம் கிடைத்தபோது ராமாமிர்தம் ஆசாரி முன்னாலேயே உட்கார்ந்து செய்யச் சொன்ன மோதிரம். மேலே க என்று எழுத்து எழும்பி நிற்கும்.

"நல்லாத்தாம்மா பொதச்சோம், பாலு ஊத்தித்தான் பொதச்சோம்னாரு அந்த ஆளு. வீட்டுக்காரருகிட்ட அதிர்ச்சியா எதுவும் சொல்லிடாதீங்கன்னு டாக்டரு அன்னிக்குக் காலையிலதான் சொல்லியிருந்தாரு. சரி, தேறி வரட்டும்னு இருந்தேன். தேறி வந்தவரு, வருவான் வருவான்னு வாசல்லயே உக்காந்துட்டாரு. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பாத்தேன். சொல்றதுக்கு ஒரு நாளு கெடைக்கவே இல்லீங்க."

பீரோவில் வைக்க முடியாது, அவர் குடைவார். கடலில் போட மனசு வரவில்லை. மஞ்சள் முடிச்சாக இருந்தால் கண்ணில் பட்டாலும் அவிழ்க்க மாட்டார் என்று பையனுடைய சட்டையிலேயே கிழித்து முடிந்து, பியானோவுக்குள் கட்டினாள்.

"அவரு மத்தியானம் கண் அசர்றப்ப போயி அந்தக் கட்டையை ஒரு தரம் அமுக்குவேன். மோதிரம் அதிரும். நாளெல்லாம் எனக்கு அது போதும்." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அது வேணுங்க. அவருக்கும் தெரியக் கூடாது. எப்படிச் செய்வீங்களோ."

கொளஞ்சியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய் இப்படி ஒரு குரங்கை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

உண்டியல் சாவி இருந்தது தர்மகர்த்தா சுப்புராயனிடம். செல்லாயியின் அண்ணன், அவருக்கு மச்சான். வெளியாளாக இருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். சுப்புராயன் கோயிலுக்கு ஒரு பெரிய வெண்கல மணி வாங்கிக் கொடுத்தபோது, ஊரே கையெடுத்துக் கும்பிட, இவர் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, "நாதத்துல ஓட்டை இருக்கு மச்சான்" என்று சொல்லித் தொலைத்திருந்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. இப்போது போய் நின்றதும் சுப்புராயன் விவரம்கூடக் கேட்கவில்லை.

"உண்டியல் சித்திரையில தீமிதிக்குத்தான் தொறக்கும். ஊர் முன்னாடி தொறக்கும். விழுந்தது ஆத்தாளோடது. திரும்பி வராது."

கார்த்திகையிலிருந்து சித்திரை வரைக்கும் காத்திருந்தார்கள். அந்த மாதங்களில் சிதம்பரத்து வீட்டில் நடந்ததுதான் கொடுமை. சாமி கடன் தீர்ந்துவிட்டது, இனிமேல் பையன் வந்துவிடுவான் என்று ராமாமிர்தம் புது மனுஷனாகிவிட்டார். வாசலுக்கு வெள்ளையடித்தார். வாசலுக்கு வந்த துணிக்காரரிடம் துணி எடுத்து, கதிரவனுக்குச் சட்டை தைக்க வேண்டும், தோள் அளவு என்ன என்று மனைவியைக் கேட்டார். அவள் சொன்னாள். போன இடத்தில் இளைத்திருப்பானோ என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள். இதையெல்லாம் அமராவதி போனில் சொல்லக் கேட்ட கொளஞ்சியப்பனுக்கு அன்று இரண்டு வேளையும் சோறு இறங்கவில்லை.

தீமிதி முடிந்த மறுநாள் காலையில் அம்மன் முன்னால் பாய் விரித்து உண்டியலைக் கொட்டினார்கள். அமராவதியும் வந்திருந்தாள், வீட்டில் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு. காசுக்கு நடுவில் மஞ்சள் முடிச்சுகள் குவியலாக விழுந்தன. யார் யாருடைய காய்ச்சலோ, பிரசவமோ, பரீட்சையோ. கொளஞ்சியப்பன் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தார். நீலக் கட்டம் போட்ட முடிச்சு மூலையில் கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கீழ வையி மாமா," என்றான் காசு எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தன்.

"இது தெரியாம விழுந்த முடிச்சு. நேர்த்தி இல்ல. இந்த அம்மாவோடது. நாந்தான் புத்தி கெட்டுப் போட்டேன். திருப்பிக் குடுத்துடுங்க மச்சான்."

"இன்னிக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பான்," என்றார் சுப்புராயன். "என்னா இருக்கு அதுல?"

கொளஞ்சியப்பன் முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இந்த ஊரில் பூசாரி கலியமூர்த்தி நல்ல மாதிரி, தர்மகர்த்தாதான் முறுக்கு. கலியமூர்த்தி அமராவதியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். "எதுக்குப் பேச்சு? ஆத்தாளயே கேட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டு, கற்பூரத்தைக் காட்டி, அம்மன் தோள் இரண்டிலும் ஈரப் பூவை ஒட்டி வைத்தார். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் கொடுக்கலாம், இடப்பக்கத்துப் பூ விழுந்தால் பேச்சே இல்லை.

பம்பை நின்றது. எல்லோரும் பூவையே பார்த்தார்கள். விழுகிற வழியாக இல்லை. அமராவதி கும்பிட்ட கையை இறக்காமல் நின்றாள், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கற்பூரம் அணைந்து இன்னொன்று ஏற்றினார்கள். நேரம் போகப் போக சுப்புராயனுக்கே வேர்த்துவிட்டது. அவரும் பெண் பிள்ளையைக் கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான். "குடுத்துடு ஆத்தா, பாவம்" என்று அவர் வாய்க்குள் சொன்னது பக்கத்தில் நின்ற கொளஞ்சியப்பன் காதில் விழுந்தது.

வலப்பக்கத்துப் பூ விழுந்தது.

சுப்புராயன் முடிச்சை வாங்கி, அவிழ்க்காமல், திருநீறு வைத்து, அமராவதி முந்தானையில் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பி அந்த வெண்கல மணியை அடித்தார். அதில் குறை எதுவும் அன்று கொளஞ்சியப்பன் காதுக்குத் தட்டுப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்குத் தண்டனை. கம்பி துருவேறுகிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு சிதம்பரம் போய், ராமாமிர்தம் கண் அசந்த நேரத்தில், பழைய இடத்திலேயே பழையபடி முடிச்சைக் கட்டினார். எழுந்து வந்த பெரியவர் கட்டையை அமுக்கினார். ஙொய் என்றது.

"என்னாங்க இது, திரும்ப வந்துடுச்சி?"

"பலகை விரிசல் விட்டுருக்குங்க. அது எனக்கு எடுக்க வரல."

ராமாமிர்தம் நல்லவர்தான், ஆனால் மகன் விஷயத்தில் பொறுமை கிடையாது. அடுத்து வந்த கார்த்திகைகளில் எல்லாம், "உங்களுக்கு அது வராதுங்க, விடுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தெரிந்தவர்களிடமும் சொன்னார். சிதம்பரத்தில் ஒரு வீட்டில் ஒரு இரைச்சலை எடுக்கத் தெரியாமல் வருஷக்கணக்காகத் திணறுகிறார் என்று பேச்சு கடலூர் வரைக்கும் வந்தது. ஒரு கான்வென்ட்டில் சென்னையிலிருந்து ஆள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அது அவரைச் சுட்டது. வேலைக்காக இல்லை, அந்தக் கான்வென்ட் பியானோவை அவர் வருஷக்கணக்காகப் பிள்ளை மாதிரி பார்த்து வந்தவர்.

"உண்மையைச் சொல்லிட்டாத்தான் என்னா?" என்றாள் செல்லாயி.

"அது அவுங்க முடிச்சு. நான் அவுக்க முடியுமா?" என்றார்.

கான்வென்ட் வேலை போன அந்த வருஷக் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. கடலூர் எப்படிக் கிடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கொளஞ்சியப்பன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெருமுனையில் கிடந்தது. ஊரில் முந்திரி மரம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று சேதி வந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று அந்தச் சிதம்பரத்துச் சந்து வீட்டு ஓட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. பியானோவுக்கு நேர் மேலே ஓடு ஏற்கனவே கொஞ்சம் விலகியிருந்தது. தண்ணீர் உள்ளே போயிருந்தால் பெரியவர் சும்மா இருக்க மாட்டார், மகன் சொத்து நனைகிறதே என்று கீழ்ப்பலகையைக் கழற்றிவிடுவார்.

"கூரைய அப்பறம் பாத்துக்கலாம், நீ போயிட்டு வா," என்றாள் செல்லாயி. அவளுக்கும் அதே பயம்தான்.

பஸ் சரியாக ஓடவில்லை. செம்மங்குப்பம் வரைக்கும் ஒரு டெம்போவில் தொற்றிக்கொண்டு போனார். அங்கே புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. ஏறிக் குதித்து நடந்து, லாரி பிடித்து, சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு அதன் மேல் பியானோவுக்குள் இருந்த கம்பளித் துணி, புத்தகம், கீழ்ப்பலகை எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. துண்டின் மேல் மஞ்சள் முடிச்சு.

ராமாமிர்தம் அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அமராவதி மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வரிசையில் நிற்கப் போயிருந்தாள்.

"வாங்க," என்றார். "துணி ஊறிப் போயிருந்திச்சி. காயப் போட்டிருக்கேன். அவுக்கல."

கொளஞ்சியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரமாக வந்தார்.

"அவுக்க வேண்டியதும் இல்லீங்க. ஈரத் துணி மோதிரத்தோட ஒட்டிக்கிட்டு இருந்திச்சி. வெரல் பட்டதுமே தெரிஞ்சிடுச்சி. க போடுப்பான்னு ஆசாரிகிட்ட நாந்தானே சொன்னேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத உண்டியல்ல போட்டேன்னீங்களே?"

"போட்டேங்க. திரும்ப வாங்கியாந்துட்டோம்."

"வாங்கியாந்துட்டோம்னா? அவளும் வந்தாளா?"

கொளஞ்சியப்பன் தலையை ஆட்டினார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. மீன்காரர் வந்ததையும், பால் ஊற்றிப் புதைத்ததையும், டாக்டர் சொன்னதையும் மெதுவாகச் சொன்னார். ராமாமிர்தம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. துண்டின் ஓரத்தை நீவி நீவி நேராக்கிக்கொண்டே கேட்டார்.

"சட்டைக்குத் தோள் அளவு கேட்டேங்க அவகிட்ட," என்றார். "சொன்னாளே. எப்படிங்க சொன்னா?"

அழுதார். சத்தம் வராமல் தோள் குலுங்க அழுதார். கொளஞ்சியப்பனும் அழுதார். தெருவில் விழுந்து கிடந்த வேப்பமரத்தை யாரோ வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ராமாமிர்தம் முடிச்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு அதை நீட்டினார்.

"காஞ்சிடுச்சி. இருந்த எடத்துலயே கட்டிடுங்க. அவ வர்றதுக்குள்ள."

"சொல்லிடலாமேங்க. ரெண்டு பேரும் தெரிஞ்சே..."

"எனக்குத் தாங்காதுன்னுதான் இத்தினி வருஷம் அவ இத ஒத்தையா சொமந்தா. அந்த பலத்துலதான் எழுந்து நடமாடறா. எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு தெரிஞ்சா அவ உக்காந்துடுவாங்க. எனக்கு அவள விட்டா யாரு இருக்கா? கட்டிடுங்க."

கொளஞ்சியப்பன் தரையில் மல்லாக்கப் படுத்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, பின்பக்கச் சட்டத்தில் நூலைச் சுற்றினார். நூல் இரண்டு தடவை நழுவியது. பலகையைப் பூட்டி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கும் அமராவதி கேனோடு படியேறுவதற்கும் சரியாக இருந்தது.

அவள் முதலில் பார்த்தது கணவர் முகத்தை. அடுத்து பியானோவை. கேன் கையிலேயே இருந்தது.

"பொட்டிய... தொறந்தீங்களா?"

"நான் எங்க தொறந்தேன்? தண்ணி பூந்திருக்கும்னு இவருதான் கடலூர்லேர்ந்து ஓடியாந்து தொறந்தாரு," என்றார் ராமாமிர்தம். நாற்காலியை விட்டு எழுந்து போய் அந்தக் கீழ்க் கட்டையை அமுக்கினார். ஊறிப் போன நாதத்துக்குப் பின்னால் இரைச்சல் தெளிவாக வந்தது. "மத்ததெல்லாம் சரி பண்ணிட்டாரு. இது மட்டும் போவல பாரு. இவருக்கு அது வராதுடி. விடு."

"ஆமாங்கம்மா," என்றார் கொளஞ்சியப்பன். "எனக்கு அது வரல."

அமராவதி கேனைக் கீழே வைத்தாள். "பரவால்லீங்க. உக்காருங்க, காப்பி போடறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

ராமாமிர்தம் கொளஞ்சியப்பன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுக்களைக்குக் கேட்கிற மாதிரி அவர் குரலை உயர்த்திச் சொன்னபோது அதில் ஒரு பிசிறும் இல்லை.

"கார்த்திகைக்கு மறக்காம வந்துடுங்க. கதிரவன் வந்து உக்காந்தான்னா சுருதி சரியா இருக்கணும்."

"வந்துடறேங்க," என்றார் கொளஞ்சியப்பன்.